ஐந்து டன் முந்திரிப்பருப்பு: ‘இஸ்’ ரெடியா, ‘ஆர்’ ரெடியா?

பலாச்சுளை (பண்ருட்டி)

வணக்கம். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி வியாபார அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்து பார்க்கிறேன். வெளிநாட்டுப் பார்ட்டிக்கு இன்று ஒரு கடிதம் தயார் செய்தேன். அதில் ஒரு வரி: “ஃபைவ் டன்ஸ் ஆஃப் கேஷ்யூ கெர்னல்ஸ் இஸ் ரெடி ஃபார் ஷிப்மென்ட்.” முதலாளி சிவப்புப் பேனாவால் ‘இஸ்’ஸை அடித்து ‘ஆர்’ போட்டுவிட்டார். “ஃபைவ் பன்மை, டன்ஸ் பன்மை, கெர்னல்ஸ் பன்மை. மூன்று பன்மைக்கு நடுவில் உன் இஸ் எங்கிருந்து வந்தது?” என்று கேட்கிறார். எனக்குப் பள்ளியில் சொல்லித் தந்தது, அளவு என்றால் ஒருமை என்று. இணையத்தில் தேடினால் இரண்டுமே கிடைக்கின்றன.

கடிதம் நாளை போயாக வேண்டும். யார் சொல்வது சரி?

ஓ.டி. காரன் (கடலூர் முதுநகர்)

தம்பி, லோடு ஏறிய பிறகு ‘இஸ்’ஸா ‘ஆர்’ரா என்று கப்பல் கேட்கப் போகிறதா? துறைமுகப் பக்கம் பில் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பார்ட்டி பார்ப்பது எண்ணையும் தேதியையும்தான். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. வாத்தியார் வரட்டும்.

மஞ்சை வாத்தியார் (மஞ்சக்குப்பம்)

வந்துவிட்டேன். டியூஷன் பிள்ளைகள் இப்போதுதான் கிளம்பினார்கள்.

ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆர்’ போடுவது நம் பக்கத்துப் பழக்கம். அதற்கு முன் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: எழுதுகிறவர் எண்ணிச் சொல்கிறாரா, அளந்து சொல்கிறாரா? தமிழில் இதற்கு எத்தனை, எவ்வளவு என்று இரண்டு தனிக் கேள்விகளே வைத்திருக்கிறோம். எத்தனை டின்? எவ்வளவு பருப்பு? ‘ஹவ் மெனி’, ‘ஹவ் மச்’ பிரிவும் இதேதான். பேச்சில் மட்டும் “கல்யாணத்துக்கு எவ்வளவு பேர் வந்தாங்க?” என்று கலந்துகட்டிப் பேசிவிடுகிறோம். அந்தக் கலப்பு அப்படியே ஆங்கிலத்துக்கும் போய்விடுகிறது.

பணம், தூரம், நேரம், எடை எல்லாம் மொத்தமாக ஓர் அளவு என்று வரும்போது வினை ஒருமை. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். “ட்வென்டி கிலோமீட்டர்ஸ் இஸ் நாட் எ லாங் டிஸ்டன்ஸ்” என்றுதான் எழுத வேண்டும். இருபது கிலோமீட்டர்களும் வரிசையாக நின்று தனித்தனியே நீளமில்லாமல் இருக்கவில்லை, ஒரே தூரம்தான். “த்ரீ அவர்ஸ் இஸ் டூ லாங் டு வெயிட்” என்பதும் அப்படியே. “டென் தவுசண்ட் ருபீஸ் இஸ் எனஃப்” என்பதும் அப்படியே. ஆனால் மேசையில் பத்து நூறு ரூபாய்த் தாள்கள் பரப்பிக் கிடந்தால், “டென் நோட்ஸ் ஆர் ஆன் தி டேபிள்”. இங்கே எண்ணுகிறோம்.

பலாச்சுளை, உங்கள் வாக்கியத்தில் தகராறு வருவதற்குக் காரணம் அது எல்லைக்கோட்டில் நிற்பதுதான். ஐந்து டன் என்ற அளவை நினைத்தால் ‘இஸ்’. சலித்து, தரம் பிரித்து, டின்னில் அடைத்த பருப்புகளை நினைத்தால் ‘ஆர்’. இரண்டையும் நல்ல ஆங்கிலத்தில் பார்க்கலாம். முதலாளி தவறில்லை. ஆனால் அவர் சொன்ன காரணம் தவறு. மூன்று பன்மை வந்தால் வினையும் பன்மையாகிவிடும் என்று ஒரு விதி கிடையாது.

பலாச்சுளை

நன்றி ஐயா. கடைசி மூன்று வரியை மட்டும் முதலாளியிடம் காட்டாமல் வைத்துக்கொள்கிறேன்.

தேர்வுக்காலம் (திருப்பாதிரிப்புலியூர்)

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன் ஐயா. பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் எண்ணும் அளவும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘எ நம்பர் ஆஃப்’ வந்தால் பன்மை, ‘தி நம்பர் ஆஃப்’ வந்தால் ஒருமை, ‘மெனி எ’ ஒருமை, ‘ஒன் ஆஃப் தி’ வந்தால் பெயர் பன்மை வினை ஒருமை, எல்லாம் மனப்பாடம். ஆனால் ‘மோர் தன் ஒன்’ மட்டும் மண்டையில் ஏற மறுக்கிறது. ஒன்றுக்கு மேல் என்றால் குறைந்தது இரண்டு. அப்புறம் எப்படி “மோர் தன் ஒன் ஸ்டூடன்ட் வாஸ் ஆப்சென்ட்”?

மஞ்சை வாத்தியார்

பொருளைப் பார்த்தால் நீங்கள் கேட்பது நியாயம். ஆங்கிலம் அங்கே பொருளைப் பார்க்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொல்லைப் பார்க்கிறது. ‘ஒன்’ வந்ததால் ‘ஸ்டூடன்ட்’ ஒருமையாயிற்று, அதைப் பார்த்து வினையும் ஒருமையாயிற்று. அதே கருத்தை “மோர் ஸ்டூடன்ட்ஸ் தன் ஒன்” என்று திருப்பிப் போட்டால் வினை ‘வேர்’ ஆகிவிடும். ‘மெனி எ’ கதையும் இதேதான்.

‘எ நம்பர் ஆஃப்’ பற்றியும் ஒரு வார்த்தை. மனப்பாடத்தில் ‘எ’, ‘தி’ இடம் மாறிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘எ நம்பர் ஆஃப்’ என்பது ‘பல’ என்ற பொருளில் நிற்கிறது, அவ்வளவுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையில் ஏறியது நினைவிருக்கும். “எ நம்பர் ஆஃப் ஜாக்ஃப்ரூட் ட்ரீஸ் வேர் அப்ரூட்டட்”: பல மரங்கள் விழுந்தன. இங்கே விழுந்தது மரம். “தி நம்பர் ஆஃப் ட்ரீஸ் லாஸ்ட் வாஸ் வெரி லார்ஜ்”: இங்கே பெரிதாக இருந்தது மரமில்லை, எண்ணிக்கை. வினை யாரைப் பற்றிப் பேசுகிறது என்று பார்த்தால் மனப்பாடமே வேண்டாம்.

பலாச்சுளை

அந்த உதாரணத்தைத்தானா எடுக்க வேண்டும் ஐயா. எங்கள் ஊர்ப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. புதிதாக நட்டது காய்ப்புக்கு வர எத்தனை வருடம் ஆயிற்று! சரி, இலக்கணத்துக்கு வருவோம்.

குருசுக்குப்பம் (புதுச்சேரி)

நான் வீட்டில் பிரெஞ்சுப் பாடம் எடுப்பவள். எங்கள் பிள்ளைகளுக்கு இதே ஆங்கில எண் விஷயத்தில் வேறு விதமான தொல்லை. தமிழ் வழியாக வரும் பிழை ஒரு பக்கம், பிரெஞ்சு வழியாக வரும் பிழை இன்னொரு பக்கம்.

ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்’, ‘லக்கேஜ்’, ‘அட்வைஸ்’ நான்கையும் எண்ண முடியாது. ‘டூ இன்ஃபர்மேஷன்ஸ்’ என்றால் மதிப்பெண் போகும். ‘டூ பீசஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ என்றுதான் துண்டு போட வேண்டும். பிரெஞ்சில் இவை நான்கையும் தாராளமாக எண்ணலாம். தகவலுக்கு அங்கே பன்மை உண்டு, ஒரு மேசையோ நாற்காலியோ ‘அன் மோப்ல்’, ஓர் அறிவுரை ‘அன் கொன்செய்’. தமிழிலும் ‘இரண்டு தகவல்’ என்று எண்ணுகிறோம். ஆக, வீட்டு மொழியும் பள்ளி மொழியும் சேர்ந்து எண்ணு எண்ணு என்று சொல்ல, ஆங்கிலம் மட்டும் கூடாது என்கிறது. பிள்ளை என்ன செய்யும்?

ஒன்றரையில் இன்னும் வேடிக்கை. ஆங்கிலத்தில் ஒன்றைத் தாண்டியதும் பன்மை: ‘ஒன் அண்ட் எ ஹாஃப் லிட்டர்ஸ்’. பிரெஞ்சில் இரண்டைத் தொடும்வரை ஒருமைதான். சுழியத்துக்கும் ஆங்கிலம் பன்மை போடும், ‘சீரோ மிஸ்டேக்ஸ்’. பிரெஞ்சில் அதுவும் ஒருமை.

நூறு பற்றி: ஆங்கிலத்தில் ‘டூ ஹண்ட்ரட்’ என்று எண் முன்னால் வந்தால் ‘எஸ்’ கிடையாது. ‘ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள்’ என்று எண்ணில்லாமல் வந்தால் உண்டு. பிரெஞ்சில் இருநூறுக்கு எழுத்தில் ‘எஸ்’ சேரும், இருநூற்றுப் பத்துக்குச் சேராது, இரண்டாயிரத்துக்குச் சேரவே சேராது. இதை எழுத வைத்துத் திருத்துவது என் பிழைப்பு.

பலாச்சுளை, உங்களுக்குப் பயன்படும் ஒன்று: பிரான்சில் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி போடுவார்கள். அந்தப் பக்கத்துப் பார்ட்டி என்றால் இன்வாய்ஸில் எடையை எழுதும்போது பார்த்து எழுதுங்கள். நீங்கள் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது என்று நினைத்து 11,340 என எழுதினால், அவர்கள் பதினொன்றே சொச்சம் என்று படித்துவிடலாம்.

பலாச்சுளை

அக்கா, நல்ல நேரத்தில் சொன்னீர்கள்! எங்கள் டின் எடையே 11.34 கிலோதான். 25 பவுண்டு என்ற பழைய கணக்கு அது. எங்கள் தொழிலில் பவுண்டு இன்னும் சாகவில்லை. டபிள்யூ 320 என்று தரம் சொல்வதுகூட, ஒரு பவுண்டுக்கு 320 பருப்புக்கு மேல் போகாது என்ற கணக்கில்தான். டபிள்யூ 180 என்றால் பருப்பு பெரிது. எண் ஏற ஏறப் பருப்பு சிறுக்கும், விலையும் இறங்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார்கள்.

தேர்வுக்காலம்

அப்போது டபிள்யூ 320 என்பது எத்தனையா, எவ்வளவா?

மஞ்சை வாத்தியார்

பொல்லாத கேள்வி. எத்தனை பருப்பு என்று எண்ணி, எவ்வளவு பெரியது என்று சொல்கிறார்கள். விட்டுவிடுங்கள்.

சில்வர் பீச் (தேவனாம்பட்டினம்)

‘லெஸ்’, ‘ஃபியூயர்’ சண்டை இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தேர்வுக்காலம்

அதில் என்ன சண்டை? எண்ணக்கூடியதற்கு ‘ஃபியூயர்’, எண்ண முடியாததற்கு ‘லெஸ்’. ‘ஃபியூயர் டின்ஸ்’, ‘லெஸ் ஆயில்’. ‘லெஸ் டின்ஸ்’ என்றால் பிழை. முடிந்தது.

சில்வர் பீச்

தேர்வு அறையில் முடிந்தது. வெளியே முடியவில்லை. 9-ஆம் நூற்றாண்டில், ஆல்ஃபிரட் மன்னர் காலத்து ஆங்கிலத்திலேயே எண்ணக்கூடிய பொருளுக்கு ‘லெஸ்’ வந்திருக்கிறது. பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் அப்படி எழுதினார்கள். 1770-ல் ராபர்ட் பேக்கர் என்பவர், எண்ணக்கூடியதற்கு ‘ஃபியூயர்’ நன்றாக இருக்கும் என்று தன் விருப்பமாக எழுதிவைத்தார். அந்த விருப்பம் பின்னால் வந்தவர்கள் கையில் சட்டமாகிவிட்டது. இங்கிலாந்துக் கடைகளில் ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்று பலகை வைத்து, அதற்கு ஆட்சேபம் கிளம்பி, 2008-ல் டெஸ்கோ நிறுவனம் ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என்று மாற்றி எழுதித் தப்பித்துக்கொண்டது.

எனவே ‘லெஸ் டின்ஸ்’ எழுதியவரைக் கழுவேற்ற வேண்டியதில்லை.

தேர்வுக்காலம்

அண்ணே, ஆல்ஃபிரட் மன்னர் எனக்கு மதிப்பெண் போட மாட்டார்.

மஞ்சை வாத்தியார்

தேர்வுக்காலம் சொல்வதே அவருக்கு இப்போது சரி. வினாத்தாளில் ‘ஃபியூயர்’ எழுதுங்கள். ஆனால் அந்த விதியை அளவுகள் மேல் ஏவிவிடாதீர்கள். ‘லெஸ் தன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்’, ‘லெஸ் தன் டூ அவர்ஸ்’, ‘லெஸ் தன் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்’: மூன்றும் முறையான ஆங்கிலம். எண் இருக்கிறது, பன்மை இருக்கிறது, ஆனாலும் அளவு. ‘ஃபியூயர் தன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்’ என்று எழுதுகிறவர், விதியைப் படித்துவிட்டு ஆங்கிலத்தைப் படிக்காதவர்.

ஓ.டி. காரன்

நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ஃபியூ’ என்றதும் எனக்கு ஒன்று பேச வேண்டியிருக்கிறது. இதில் பணம் போகும்.

ஒரு சரக்கில் மூட்டைகள் சில நனைந்திருந்தன. பார்வையிட வந்தவர் அறிக்கையில் “ஃபியூ பேக்ஸ் வேர் வெட்” என்று எழுதிவிட்டார். அவர் மனதில் இருந்தது ‘சில மூட்டைகள் நனைந்திருந்தன’. தாளில் இருந்தது ‘நனைந்தது அதிகமில்லை, பொருட்படுத்த வேண்டாம்’. எதிர்த் தரப்பு அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இழப்பீட்டுக்கு மல்லுக்கு நின்றது. ‘எ ஃபியூ பேக்ஸ்’ என்று ஓர் ஒற்றை எழுத்து முன்னால் இருந்திருந்தால் பேச்சே இல்லை. அதற்கு அப்புறம் எங்கள் அலுவலகத்தில் ‘ஃபியூ’வும் வேண்டாம், ‘எ ஃபியூ’வும் வேண்டாம், எண்ணிக்கையைப் போடு என்று உத்தரவு.

‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ விவகாரமும் இதே மாதிரிதான். “தேர் இஸ் லிட்டில் டீசல்” என்றால் படகு கிளம்பாது. “தேர் இஸ் எ லிட்டில் டீசல்” என்றால் பக்கத்துக் கரை வரைக்கும் போய் வரலாம்.

மஞ்சை வாத்தியார்

அந்த டீசல் உதாரணத்தை நாளைக்கே வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன், அனுமதி கேட்கப் போவதில்லை.

குருசுக்குப்பம்

எனக்கு ஒரு சந்தேகம் ஐயா. நம் பிள்ளைகள் ‘டென் மேங்கோ’, ‘ஃபைவ் புக்’ என்று ‘எஸ்’ இல்லாமல் எழுதுவது எதனால்? அலட்சியம் என்று சொல்லி அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மஞ்சை வாத்தியார்

அலட்சியம் இல்லை அம்மா, தமிழ். ‘பத்து மாம்பழம் வாங்கினேன்’ என்பது நமக்கு முழுமையான வாக்கியம். பத்து என்று சொன்ன பிறகு ‘கள்’ எதற்கு? அஃறிணைப் பெயர் ‘கள்’ சேராமலே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் என்பதை நன்னூல் ‘பால் பகா அஃறிணைப் பெயர்’ என்று தனியாகவே சொல்கிறது. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டும் சரி. எத்தனை மாடு என்பது வினையில் தெரியும். ஆங்கிலமோ எண்ணைச் சொன்ன பிறகும் பெயரில் இன்னொரு முறை முத்திரை குத்தச் சொல்கிறது. அடிக்கிற வாத்தியாருக்கு முதலில் நன்னூல் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு வினோதம். நம் பிள்ளை ‘எஸ்’ஸை விட்டுவிடுவது சில இடங்களில் அப்படியே சரியாகிவிடும். ‘ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய்’, ‘டென்-மினிட் வாக்’, ‘டென்-கிலோ டின்’. எண்ணும் அளவும் சேர்ந்து அடுத்த பெயருக்கு அடைமொழியாக நின்றால் ‘எஸ்’ போகும், நடுவில் சிறுகோடு வரும். இங்கே பார்த்தால், நன்றாகப் படித்த பிள்ளைதான் ‘ஃபைவ்-இயர்ஸ்-ஓல்ட் பாய்’ என்று கவனமாகத் தப்பு செய்யும்.

சிறுகோடு சின்ன விஷயமும் இல்லை. ‘ஃபைவ் ஹண்ட்ரட் ருபீ நோட்ஸ்’ என்று கோடில்லாமல் எழுதிப் பாருங்கள். ஐந்து நூறு ரூபாய்த் தாள்களா, ஐந்நூறு ரூபாய்த் தாள்களா, ஒரு ரூபாய்த் தாள் ஐந்நூறா? ‘ஹண்ட்ரட்-ருபீ’ என்று கோடு போட்டால் முதலாவது. ‘ஃபைவ்-ஹண்ட்ரட்-ருபீ’ என்று மூன்றையும் கோர்த்தால் இரண்டாவது.

தேர்வுக்காலம்

பின்னம் வந்தால் என்ன செய்வது ஐயா? ‘டூ-தேர்ட்ஸ் ஆஃப்’...

மஞ்சை வாத்தியார்

‘ஆஃப்’புக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அதைப் பாருங்கள். “டூ-தேர்ட்ஸ் ஆஃப் தி ஸ்டாக் இஸ் சோல்டு”, “டூ-தேர்ட்ஸ் ஆஃப் தி டின்ஸ் ஆர் சோல்டு”. சதவீதம், ‘ஹாஃப் ஆஃப்’, ‘மோஸ்ட் ஆஃப்’ எல்லாம் இந்தக் கட்சிதான்.

பலாச்சுளை

லட்சம் பற்றியும் கேட்டுவிடுகிறேன். ‘ஃபைவ் லேக்’கா, ‘ஃபைவ் லேக்ஸ்’ஸா?

சில்வர் பீச்

‘ஹண்ட்ரட்’ மாதிரியே நடத்துங்கள், ‘ஃபைவ் லேக் ருபீஸ்’, ‘லேக்ஸ் ஆஃப் ருபீஸ்’. நம் நாட்டில் ‘ஃபைவ் லேக்ஸ்’ என்றும் ஏராளமாக எழுதுகிறார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் வெளிநாட்டுப் பார்ட்டிக்கு லட்சமே வேண்டாம். அவர்கள் மூன்று மூன்று இலக்கமாகப் பிரிப்பவர்கள். 5,00,000 என்று நம் வழக்கத்தில் காற்புள்ளி வைத்தால், ஓர் இலக்கம் விட்டுப்போயிற்றோ என்று பார்ப்பார்கள். 500,000 என்று போடுங்கள்.

குருசுக்குப்பம்

அதுவும் பிரான்சுக்குப் போகிறது என்றால் காற்புள்ளிக்குப் பதில் இடைவெளி விடுங்கள். பில்லியன் பக்கம் போகவே போகாதீர்கள். ஆங்கிலத்தில் அது ஆயிரம் மில்லியன், பிரெஞ்சில் மில்லியன் மில்லியன். பிரிட்டனிலும் பழைய கணக்கு பிரெஞ்சு மாதிரிதான் இருந்தது, 1974-ல் அரசாங்கம் அமெரிக்கக் கணக்குக்கு மாறியது.

ஓ.டி. காரன்

முந்திரியில் பில்லியன் வந்தால் பலாச்சுளை ஏன் இங்கே உட்கார்ந்து ‘இஸ்’ ‘ஆர்’ கேட்கிறார்?

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு வேறு ஓர் இடம் உறுத்துகிறது. டின் 11.34 கிலோ என்றீர்கள். ஐந்து டன்னுக்கு எத்தனை டின்? கணக்கு போட்டுப் பார்த்தேன். 440 டின் என்றால் 4,989.6 கிலோ, குறைகிறது. 441 என்றால் 5,000.94 கிலோ, கொஞ்சம் கூடுகிறது. சரியாக ஐந்து டன் உங்களால் கொடுக்கவே முடியாது, டின்னை உடைத்தால் ஒழிய. கடிதத்தில் ஐந்து டன் என்று மொட்டையாக எழுதிவிட்டு, இன்வாய்ஸில் வேறு எடை இருந்தால் கேள்வி வரும்.

பலாச்சுளை

அண்ணே! எங்களிடம் அடைத்து வைத்திருப்பது 441 டின்தான். அப்படியானால் டன்னை எடுத்துவிட்டு, “441 டின்ஸ் ஆர் ரெடி ஃபார் ஷிப்மென்ட்” என்று எழுதி, நிகர எடையைக் கிலோவில் கீழே தனி வரியாகக் கொடுத்துவிடலாமே. டின்னை எண்ணுகிறோம், எனவே ‘ஆர்’. முதலாளிக்கும் அவருடைய ‘ஆர்’ கிடைத்துவிடும்.

மஞ்சை வாத்தியார்

செய்யலாம். ஆனால் ஆங்கில வாக்கியத்தை இலக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். தொடக்கத்தில் எண் வந்தால் எழுத்தில் எழுத வேண்டும். இல்லையென்றால் ‘வி ஹேவ்’ என்று ஆரம்பித்து எண்ணை உள்ளே தள்ளிவிடுங்கள்.

பலாச்சுளை

‘வி ஹேவ்’ என்று ஆரம்பித்தால் ‘ஆர்’ போய்விடுமே. முதலாளி மறுபடி பேனாவை எடுப்பார். எழுத்திலேயே எழுதிவிடுகிறேன்: “ஃபோர் ஹண்ட்ரட் அண்ட் ஃபார்ட்டி-ஒன் டின்ஸ் ஆர் ரெடி ஃபார் ஷிப்மென்ட்.”

தேர்வுக்காலம்

ஹண்ட்ரட்டுக்குப் பின்னால் அந்த ‘அண்ட்’ வேண்டுமா?

மஞ்சை வாத்தியார்

பிரிட்டிஷ் வழக்கில் வேண்டும், நம் ஊரிலும் அப்படித்தான் எழுதுகிறோம். அமெரிக்கர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பார்ட்டி எந்த நாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஃபார்ட்டி-ஒன்’ நடுவில் சிறுகோடு மறக்க வேண்டாம். ‘ஃபோர்’ என்ற சொல்லில் இருக்கும் ‘யு’ எழுத்து ‘ஃபார்ட்டி’யில் கிடையாது, காசோலையில்கூட அதைச் சேர்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பலாச்சுளை

சேர்த்துத்தான் எழுதி வைத்திருந்தார் முதலாளி. இதை யார் அவரிடம் சொல்வது என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.